போர்த்துகீசிய வினைச்சொல்லில் அசை வேறு, உறுப்பு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் மொழிப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த போர்த்துகீசிய மொழி அறிமுகக் கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். தமிழ் மாணவர்களுக்கு அம்மொழியைக் கற்பித்து வருபவன் என்ற முறையில், ஒரு தமிழ் நாளிதழ் அதன் வினைச்சொல் அமைப்பு வரை சென்று எழுதியது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. ஆயினும் கட்டுரையின் நடுவே வரும் ஒரு விளக்கம், கற்கத் தொடங்குபவரைத் தவறான வழியில் கொண்டு செல்லும் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். 'நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்' என்று பொருள்படும் ஃபலாவமுஸ் என்னும் வினைமுற்றை ஃப, லா, வ, முஸ் என நான்காகப் பிரித்து, இந்த நான்கும் அச்சொல்லின் உறுப்புகள் என்று அங்கே கூறப்பட்டிருக்கிறது. அவை நான்கும் அசைகள், அதாவது ஒலிப்பின் துண்டுகள்; பொருளையோ இலக்கணத்தையோ காட்டும் உறுப்புகள் அல்ல. அச்சொல்லுக்கு உறுப்புகளும் நான்குதான் என்றாலும், அவை பிரியும் இடங்கள் வேறு. எண்ணிக்கை ஒத்துப்போவதுதான் இங்கே கண்ணை மறைத்துவிடுகிறது.

மேலே செல்லும் முன் எழுத்துமுறை பற்றி ஒரு சொல். கீழே வரும் எடுத்துக்காட்டுகளில் அசைப் பிரிவுக்குச் சாய்கோடும், உறுப்புப் பிரிவுக்குக் கூட்டல் குறியும் இட்டிருக்கிறேன். சிறுகோடு வரும் இடங்களில் அது போர்த்துகீசிய எழுத்திலேயே உள்ள கோடாகும். ஒலிப்பில் அழுத்தம் பெறும் அசையை நெடிலால் காட்டியிருக்கிறேன். அந்த நெடில் அழுத்தத்தைக் குறிக்கிறதே தவிர மாத்திரையை அன்று. போர்த்துகல்லிலும் பிரேசிலிலும் ஒலிப்பு வேறுபடுவதால் இவை அனைத்தும் தோராயமான ஒலிபெயர்ப்புகளே.

ஃபலாவமுஸ் என்பதன் உறுப்புகள் ஃபல்+ஆ+வ+முஸ் ஆகும். ஃபல் என்பது 'பேசு' என்னும் பொருள் தரும் பகுதி. அடுத்து வரும் ஆ, அந்த வினை எந்த வகுப்பைச் சேர்ந்தது என்பதைக் காட்டும் உயிர். போர்த்துகீசிய வினைகள் அ, எ, இ என்னும் இந்த உயிரை வைத்தே மூன்று வகுப்புகளாகப் பிரிக்கப்படுகின்றன. வ என்பது தொடர்ந்து நிகழ்ந்த இறந்தகாலத்தைக் காட்டும் இடைநிலை. முஸ் என்பது தன்மைப் பன்மை விகுதி. நம் பகுபத உறுப்பிலக்கணத்தைப் பள்ளியில் படித்த எவருக்கும் இந்த வரிசை உடனே புரியும்: பகுதி முன்னே, காலம் நடுவே, இடமும் எண்ணும் இறுதியில். வகுப்பைக் காட்டும் அந்த உயிரைச் சாரியை என்று சொல்லிவிடச் சிலர் முற்படுவதுண்டு. அது நிற்கும் இடம் சாரியையை நினைவூட்டினாலும், வினையின் வகுப்பையே தீர்மானிக்கும் வேலை சாரியைக்குக் கிடையாது. ஆகவே அதனை வகுப்புயிர் என்று தனியாகவே சொல்வது நல்லது என்பது என் கருத்து.

இப்போது அசையைப் பார்ப்போம். வாய் சொல்லைப் பிரிக்கும்போது, பகுதியின் இறுதியில் நின்ற ல் என்னும் மெய் தனக்குப் பின்வரும் உயிரோடு சேர்ந்து லா என்று ஆகிவிடுகிறது. மெய்யின் மேல் உயிர் வந்து ஒன்றுவது தமிழருக்குப் புதிய செய்தி அன்று. செய்யுளில் 'அதனால் ஆகும்' என்பது 'அதனா லாகும்' என்று சீர் பிரியும்போது, ஒருவரும் 'லாகும்' என்ற சொல்லைத் தேடி அகராதியைப் புரட்டுவதில்லை. ஃபலாவமுஸ் என்பதில் வரும் லா என்ற துண்டும் அத்தகையதே; அதன் மெய் ஓர் உறுப்பைச் சேர்ந்தது, உயிர் மற்றோர் உறுப்பைச் சேர்ந்தது. நம் எழுத்துமுறை உயிர்மெய்யை ஒரே எழுத்தாக எழுதுவதால், போர்த்துகீசியச் சொல்லைத் தமிழில் எழுதியதுமே அந்த எல்லை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. கட்டுரையாளரின் பிழைக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அசையும் உறுப்பும் இதைவிடக் கடுமையாக முரண்படும் இடமும் உண்டு. 'நாங்கள் பேசினால்' என்ற நிகழாத நிபந்தனையைச் சொல்லும் ஃபலாஸ்ஸெமுஸ் என்ற வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உறுப்புகள் ஃபல்+ஆ+ஸ்ஸெ+முஸ். போர்த்துகீசிய எழுத்தில் அந்த இடைநிலை இரண்டு எஸ் எழுத்துகளால் எழுதப்படுகிறது. ஒலிப்பதோ ஒரே ஒலி. ஆனால் வரி முடிவில் சொல்லைப் பிரிக்க நேர்ந்தால் ஃப/லாஸ்/ஸெ/முஸ் என்றுதான் பிரிக்க வேண்டும். இரட்டை எஸ், இரட்டை ஆர் ஆகியவற்றை அசைப் பிரிவில் ஆளுக்கு ஒன்றாகப் பங்கிடுவது அம்மொழியின் எழுத்து விதி. ஒரே ஒலி, ஒரே இடைநிலை, ஆனாலும் இரண்டு அசைகளில் எழுதப்படுகிறது. இந்த ஒரு சொல்லை மட்டும் கரும்பலகையில் எழுதிக் காட்டினாலே, அசைப் பிரிவு பொருளைப் பார்ப்பதில்லை என்பது மாணவருக்கு விளங்கிவிடும்.

முன்னொட்டுகளிலும் இதே நிலைதான். 'மறைந்துபோ' என்னும் பொருளுடைய தெஸபரெஸேர், 'தோன்று' என்னும் வினையின் முன் எதிர்மறைப் பொருள் தரும் தெஸ் என்ற முன்னொட்டைச் சேர்த்து உருவானது. ஆனால் அசைகள் தெ/ஸ/ப/ரெ/ஸேர். முன்னொட்டின் எஸ் அடுத்த அசைக்குத் தாவி, இரண்டு உயிர்களுக்கு இடையில் நிற்பதால் குரலொலியும் (இஸட் போன்ற ஒலிப்பும்) பெற்றுவிடுகிறது. இதற்கு விதி ஏட்டிலேயே இருக்கிறது. 1990 டிசம்பர் 16 அன்று லிஸ்பனில் கையெழுத்தான போர்த்துகீசிய எழுத்துச் சீர்திருத்த ஒப்பந்தம், அசைப் பிரிவு ஒலித்துப் பார்க்கும் முறைப்படியே அமைய வேண்டும் என்றும், சொல்லின் தோற்றத்தில் உள்ள உறுப்புகளைக் கருத வேண்டியதில்லை என்றும் வெளிப்படையாகக் கூறி, இதே தெஸபரெஸேரை எடுத்துக்காட்டாகத் தருகிறது. பிரேசிலில் 2009 முதல் பயன்பாட்டுக்கு வந்து 2016 முதல் கட்டாயமான ஒப்பந்தம் இதுதான். எனவே கட்டுரையில் சொல்லப்பட்டதற்கு மாறாக, அசைப் பிரிவை வைத்து உறுப்பைக் கண்டுபிடிக்க முடியாது என்பது அம்மொழியின் அதிகாரபூர்வமான விதியிலிருந்தே பெறப்படுகிறது.

அப்படியானால் அசையை ஏன் படிக்க வேண்டும் என்று யாரேனும் கேட்கலாம். படித்தே ஆக வேண்டும். ஏனெனில் அழுத்தம் அசையில்தான் விழுகிறது, அழுத்தம் மாறினால் காலமே மாறிவிடுகிறது. ஃபலார என்றால் 'அவர் பேசியிருந்தார்'. ஃபலரா என்றால் 'அவர் பேசுவார்'. எழுத்தில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இறுதி உயிரின் மேல் இடப்படும் ஓர் அழுத்தக் குறி மட்டுமே. அதேபோல் ஃபலாரவ்ங் என்பது 'அவர்கள் பேசினார்கள்'. ஃபலராவ்ங் என்பது 'அவர்கள் பேசுவார்கள்'. இந்த இரண்டின் ஈற்றிலும் வருவது ஒரே மூக்கொலி. அழுத்தம் பெறாதபோது ஒரு விதமாகவும், பெறும்போது வேறு விதமாகவும் எழுதுகிறார்கள். தமிழில் குறில் நெடில் பொருளை மாற்றுமே தவிர, அழுத்தம் பொருளை மாற்றுவதில்லை. ஆகவே நம் மாணவர்களின் காது இதற்குப் பழகத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியிருக்கிறது. கட்டுரை அழுத்தத்தைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை என்பது என் இரண்டாவது மனக்குறை.

அழுத்தம் இறுதி மூன்று அசைகளுள் ஒன்றில் விழுவதே பொது விதி. கடையிலிருந்து மூன்றாம் அசையில் விழுந்தால் எழுத்தில் அதற்குக் கட்டாயம் குறி இட வேண்டும். ஃபலாவமுஸ், ஃபலாஸ்ஸெமுஸ், 'பேசியிருந்தோம்' என்னும் ஃபலாரமுஸ் ஆகிய அனைத்தும் குறி பெறுவது இதனால்தான். அசைகளை எண்ணத் தெரியாதவர் இந்தக் குறியை எங்கே இடுவது என்று ஒவ்வொரு சொல்லுக்கும் மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.

உயிருக்கு அடுத்து உயிர் வரும் வினைகள் இன்னும் நுட்பமானவை. 'வெளியேறு' என்னும் பொருளுள்ள ஸ/ஈர் என்ற வினையில், ஸாய் என்று ஒரே அசையாகச் சொன்னால் 'அவர் வெளியேறுகிறார்'. ஸ/ஈ என்று இரண்டு அசையாகச் சொன்னால் 'நான் வெளியேறினேன்'. தமிழர் இங்கே இயல்பாகவே ஒரு யகரத்தை நுழைத்து 'ஸயீ' என்று சொல்லிவிடுகிறோம். உடம்படுமெய் இல்லாமல் இரண்டு உயிர்களை அடுத்தடுத்து ஒலிப்பது நமக்குப் பழக்கமில்லை. பேச்சில் இது பெரிய குற்றம் ஆகாது. எழுத்தில்தான் சிக்கல். ஸ/ஈ/முஸ், அதாவது 'வெளியேறுகிறோம்' அல்லது 'வெளியேறினோம்' என்பதில் இகரத்தின் மேல் குறி இட வேண்டும். ஸ/ஈர்/முஸ், அதாவது 'நாங்கள் வெளியேற' என்பதில் இடக் கூடாது. காரணம், முதல் சொல்லில் இகரம் தனித்து ஓர் அசையாக நிற்கிறது. இரண்டாவதில் ஆர் என்னும் மெய் அந்த அசையை மூடிவிடுகிறது. அழுத்தம் ஒரே இடத்தில்தான், உயிரும் ஒன்றேதான். அசை திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதே குறியைத் தீர்மானிக்கிறது. இந்த இரண்டாவது வடிவம் பற்றி ஒரு குறிப்பும் சேர்க்கிறேன்: 'செய' என்னும் வாய்பாட்டு எச்சம் தமிழில் இடமும் எண்ணும் காட்டாது, போர்த்துகீசியத்தில் காட்டும். முஸ் என்ற விகுதி அங்கே ஒட்டியிருப்பது அதற்காகத்தான்.

வினையோடு பிரதிப்பெயர் ('அதை', 'எனக்கு' போன்ற சொல்) ஒட்டும்போதுதான் இந்த மொழியின் உண்மையான அழகும் சிக்கலும் வெளிப்படுகின்றன. ஃபாலு என்று காதில் விழும் ஒரு சொல்லைக் கருதுங்கள். அது 'நான் பேசுகிறேன்' என்பதாக இருக்கலாம். 'அவர் அதைச் செய்கிறார்' என்பதாகவும் இருக்கலாம். ஒலியில் எந்த வேறுபாடும் இல்லை. அசைகளும் ஒன்றே: ஃபா/லு. ஆனால் முதலாவதன் உறுப்புகள் ஃபால்+உ. இதில் லகரம் பகுதிக்கு உரியது, உ தன்மை ஒருமை விகுதி. இரண்டாவதில் 'செய்கிறார்' எனப் பொருள்படும் ஃபாஸ் என்ற வினைமுற்றின் ஈற்று மெய் கெட்டு, 'அதை' என்னும் பிரதிப்பெயர் லு என்ற வடிவில் ஒட்டி, ஃபா-லு என்று நடுவே கோட்டோடும் உயிரின் மேல் குறியோடும் எழுதப்படுகிறது. இங்கே லகரம் பிரதிப்பெயருக்கு உரியது. அசையை மட்டும் பிரித்துவிட்டு உறுப்பைப் பிரித்ததாக நினைப்பவருக்கு இந்த இரண்டு சொற்களும் ஒன்றே.

ஆர், எஸ், இஸட் ஆகிய எழுத்துகளில் முடியும் வினை வடிவங்களோடு இந்தப் பிரதிப்பெயர் சேரும்போதெல்லாம் அந்த ஈற்று மெய் கெட்டு லகரம் தோன்றுகிறது. மூக்கொலியில் முடியும் வடிவங்களுக்குப் பின் லகரத்துக்குப் பதிலாக னகரம் வரும். தோன்றல், திரிதல், கெடுதல் என்ற நம் விகாரங்களைக் கொண்டே இதை விளக்கிவிடலாம். நான் வகுப்பில் அப்படித்தான் விளக்குகிறேன். வரலாற்றை நோக்கினால் அந்த லகரம் புதிதாகத் தோன்றியது அன்று என்பதையும் கூடவே சொல்லிவிடுவேன். லத்தீனில் 'அவனை' என்று பொருள்பட்ட இல்லும் என்ற சொல்லில் இருந்த லகரம், மற்ற இடங்களில் தேய்ந்து மறைந்துபோக, வினையின் ஈற்று மெய்யோடு கலந்து நின்ற இந்த இடத்தில் மட்டும் பிழைத்திருக்கிறது.

குறி இடும் விதியும் இங்கே அசையைத்தான் கேட்கிறது. 'விற்க' என்னும் வென்தேர், பிரதிப்பெயர் சேர்ந்து வென்தே-லு ஆகும்போது ஏ குறி பெறுகிறது. 'உடைக்க' என்னும் பொருளும் உள்ள பர்தீர், பர்தீ-லு ஆகும்போது இகரம் குறி பெறுவதில்லை. அழுத்தம் பெற்ற ஈற்று இகரத்துக்குப் பொதுவாகக் குறி இடுவது அம்மொழியின் வழக்கம் அன்று. ஆனால் 'கட்ட' என்னும் கொன்ஸ்/த்ரு/ஈர், கொன்ஸ்/த்ரு/ஈ-லு ஆகும்போது அதே இகரம் குறி பெறுகிறது. அதற்கு முன் ஓர் உயிர் நிற்பதும், இகரம் அந்த உயிரோடு சேராமல் தனி அசையாக நிற்பதுமே காரணம். உறுப்புகளின் வரிசை இரண்டிலும் ஒன்றுதான். முடிவைச் சொல்வது அசை.

போர்த்துகீசியத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பள்ளிப் பிள்ளைகளே இடறும் ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும். 'பேசப்படுகிறது' என்பது ஃபால-ஸெ. 'அவர் பேசினால்' என்பதில் வரும் வினை ஃபலாஸ்ஸெ. முதலாவதில் ஸெ என்பது கோட்டுக்குப் பின் வரும் பிரதிப்பெயர். இரண்டாவதில் அது இடைநிலையின் பகுதி. 'வாங்குகிறோம்' என்னும் கொம்ப்ராமுஸ் என்பதில் முஸ் விகுதி. 'அவற்றை எனக்கு வாங்கு' என்னும் கோம்ப்ர-முஸ் என்பதில் அது 'எனக்கு', 'அவற்றை' என்ற இரண்டு பிரதிப்பெயர்கள் கலந்து ஒன்றானது. எங்கே கோடு இட வேண்டும், எங்கே சேர்த்து எழுத வேண்டும் என்று குழம்பும் பிள்ளைகளுக்கு அழுத்தமே வழிகாட்டி. பகுதியில் அழுத்தம் விழுந்தால் கோடு, அடுத்த அசையில் விழுந்தால் ஒரே சொல். பிரதிப்பெயர்கள் ஒட்டிக்கொண்டே போனால், மூன்றாம் அசை எல்லையைக்கூட அழுத்தம் தாண்டிவிடும். 'நாங்கள் அவருக்குக் கொடுத்துவந்தோம்' என்னும் தாவமுஸ்-ல்யெ என்பதில் அது கடையிலிருந்து நான்காம் அசையில் இருக்கிறது.

இனி, கட்டுரை தொடாமலே விட்ட, ஆனால் இப்பொருளில் எல்லாவற்றிலும் வியப்பூட்டும் அமைப்பு ஒன்று உண்டு. எதிர்கால வினையில் பிரதிப்பெயர் முன்னாலும் வராமல், பின்னாலும் வராமல், சொல்லின் நடுவே புகுந்துகொள்கிறது. 'நான் அவருக்குக் கொடுப்பேன்' என்பது தர்-ல்யெ-ஏய். 'நான் அதைக் கொடுப்பேன்' என்றால் ஆர் கெட்டு, லகரம் வந்து, தா-லு-ஏய். பகுதிக்கும் விகுதிக்கும் நடுவே இன்னொரு சொல் எப்படி நுழைய முடியும் என்று மாணவர்கள் திகைப்பார்கள். அந்த விகுதி ஒரு காலத்தில் தனி வினையாக இருந்ததுதான் விடை. பேச்சு லத்தீனில் 'பாட இருக்கிறேன்' என்பது போல, செயலைக் குறிக்கும் எச்சத்தோடு 'உடையேன்' என்னும் துணைவினையைச் சேர்த்து எதிர்காலத்தைச் சொன்னார்கள். அந்தத் துணைவினையே தேய்ந்து இன்றைய ஏய், ஆஸ், ஆ, ஏமுஸ் என்னும் ஈறுகளாயிற்று. இரண்டு சொற்களாக இருந்தபோது நடுவில் நின்ற பிரதிப்பெயர், இரண்டும் ஒன்றான பிறகும் தன் இடத்தை விட்டுப் போகவில்லை. பிரேசிலின் பேச்சு வழக்கில் இந்த அமைப்பு இன்று இல்லை என்றே சொல்லலாம். போர்த்துகல்லிலும் பெரும்பாலும் எழுத்து நடையில்தான் காண முடிகிறது. ஆனாலும் எதிர்கால ஈற்றுக்குப் பின்னால் பிரதிப்பெயரை ஒட்டி எழுதினால் அது பிழையென்றே கொள்ளப்படும். எதிர்மறைச் சொல் போன்றவை முன்னே வந்தால் பிரதிப்பெயர் வினைக்கு முன்னால் போய்விடும்.

இந்த வடிவங்களை வரி முடிவில் பிரிப்பதற்கும் 1990 ஒப்பந்தத்தில் விதி இருக்கிறது. சொல்லில் ஏற்கெனவே கோடு உள்ள இடத்திலேயே வரியும் முடிந்தால், அடுத்த வரியின் தொடக்கத்தில் அந்தக் கோட்டை மீண்டும் இட வேண்டும். அங்கே காட்டப்படும் சொல் 'அவர்களை அமைதிப்படுத்துவோம்' என்னும் ஸெரெனா-லுஸ்-ஏமுஸ். முதல் வரி ஸெரெனா- என்று முடிந்தால், அடுத்தது -லுஸ்-ஏமுஸ் என்று தொடங்கும். இதைச் செய்யாவிட்டால், படிப்பவர் அந்தக் கோட்டை வெறும் வரிமடிப்புக் கோடாக எண்ணிப் பிரதிப்பெயரை வினையோடு சேர்த்துப் படித்துவிடுவார். தங்கள் கட்டுரையில் இரண்டு இடங்களில் கோடுள்ள வினைகள் வரி முடிவில் மடிந்திருந்தன. இரண்டிலும் அடுத்த வரியில் கோடு இல்லை. இதை அச்சுப் பிழையாக மட்டும் கருத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஃபாலுவும் ஃபா-லுவும் கோட்டினாலும் குறியினாலும் மட்டுமே பிரிந்து நிற்கும் மொழி இது.

16ஆம் நூற்றாண்டில் என்ரிக்கே என்ரிக்கஸ் என்னும் பாதிரியார் போர்த்துகீசிய மொழியில் தமிழுக்கு இலக்கணம் எழுதினார். தமிழ் வினைகளை அவர் தமக்குத் தெரிந்த லத்தீன் இலக்கண வகைகளில் வைத்தே விளக்க வேண்டியிருந்தது. எதிர்த்திசையில் செல்ல நம்மிடம் அதைவிடப் பொருத்தமான கருவிகள் உள்ளன. பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, விகாரம் ஆகியவற்றை உறுப்புக்கும், அசை என்பதை ஒலிக்கும் தனித்தனியே வைத்துப் பழகிய மரபு நம்முடையது. ஆங்கில வழிப் பாடநூல்களில் இவ்விரண்டும் ஒரே சிறுகோட்டால் காட்டப்படுவதையும், மாணவர்கள் அதனால் குழம்புவதையும் தொடர்ந்து பார்த்து வருகிறேன். தமிழில் எழுதும்போதாவது அந்தக் குழப்பத்தைத் தவிர்க்கலாம்.

இத்தொடரின் அடுத்த பகுதிகள் வெளிவருமாயின், அசைக்கு ஒரு குறியும் உறுப்புக்கு வேறொரு குறியும் பயன்படுத்தி, சிறுகோட்டைப் போர்த்துகீசிய எழுத்தில் உள்ள இடங்களுக்கு மட்டும் விட்டுவைக்குமாறு வேண்டுகிறேன். அழுத்தம் பெறும் அசையையும் ஏதேனும் ஒரு வகையில் காட்ட வேண்டும். ஃபலாவமுஸ் பற்றிய விளக்கத்துக்கு, அதன் உறுப்புகள் ஃபல்+ஆ+வ+முஸ் என்றும், அசைகள் ஃப/லா/வ/முஸ் என்றும் ஒரு திருத்தம் வெளியிட்டால், அந்தக் கட்டுரையைக் கத்தரித்து வைத்திருக்கும் மாணவர்களுக்குப் பெரிதும் பயன்படும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
போர்த்துகீசிய மொழி ஆசிரியர்